ஊசி இறங்கும் இடம்

'உங்கள் ரசனைக்கு ஏற்ற கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுங்கள்' என்று இசைத்தட்டுக் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செருப்பு வாங்குகிறவன் தன் கால் அளவைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவதுபோல, கேட்கிறவன் தன் ரசனையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது இதன் பொருள். ஆனால் கால் நம்முடையது. செருப்பு போடுவதற்கு முன்பே இருந்தது. ரசனை அப்படி முன்பே இருந்த ஒன்றா என்பதுதான் என் சந்தேகம். எந்த ஊசியின் வழியாகப் பாட்டு முதலில் காதில் விழுந்ததோ, அந்த ஊசி செய்துவைத்ததே என் ரசனை என்றால், அதற்கு ஏற்றதைத் தேடுவது என்பது பழைய ஊசியையே மறுபடியும் தேடிப்போவதாக ஆகிவிடும். இது இசைத்தட்டுக்கு மட்டும் உரிய பிரச்னை இல்லை என்பதால்தான் இந்தப் பக்கங்களில் எழுதத் துணிகிறேன்.

கார்ட்ரிட்ஜ் என்பது டோன் ஆர்மின் நுனியில் மாட்டியிருக்கும் சிறு பெட்டி. அதன் அடியில் ஒரு மெல்லிய தண்டு; தண்டின் முனையில் ஊசி. தட்டின் பள்ளத்தில் ஊசி அசைகிற அசைவை இந்தப் பெட்டி மின்சாரமாக்குகிறது. எப்படி ஆக்குகிறது என்பதில்தான் ஜாதிகள் பிரிகின்றன. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகத்தை வைத்துச் செய்தது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். காந்தம் அசைந்து, அசையாத கம்பிச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குவது ஒரு வகை. காந்தம் நிலையாக இருக்க, சுருள் அசைவது இன்னொரு வகை. கிரிஸ்டல் ஏறக்குறைய அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை தரும். நேரே ஆம்ப்ளிஃபயரில் செருகினால் போதும், ஊர் முழுக்கக் கேட்கும். அசையும் காந்தம் தருவது 4 அல்லது 5 மில்லிவோல்ட். அசையும் சுருள் அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முன்பெருக்கி வேண்டும். கூடவே காத்திருக்கிற மனசும் வேண்டும். ஒரு வோல்ட் தருகிற பத்திரிகைகளும் 4 மில்லிவோல்ட் தருகிற பத்திரிகைகளும் தமிழில் உண்டு என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் சங்கீதம் பெரும்பாலோருக்கு வந்து சேர்ந்தது கச்சேரி மேடையிலிருந்து அல்ல. தென்னை மரத்திலும் கோயில் கோபுரத்திலும் கட்டிய குழாயிலிருந்து. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி, அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை, எதுவானாலும் ரேடியோ செட்காரர் முதல் நாளே சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ரேடியோ செட் என்று பெயர், ரேடியோ இருக்காது. ஒரு தட்டு சுற்றும் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய்கள். பெட்டியில் இருப்பது கிரிஸ்டல். அதில் வேறு ஒன்றை வைக்க வழியும் இல்லை. ஒரு வோல்ட் இல்லாமல் அந்தக் குழாய் பேசாது. கிரிஸ்டலுக்குள் இருந்த ரோஷெல் உப்பு சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஆகாதது. 55 டிகிரியைத் தாண்டினால் அது கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் தகரப் பந்தலின் கீழ் வைத்த பெட்டிக்குள் அந்தச் சூடு தூரத்தில் இல்லை. சாகிற வரை அந்த உப்பு கத்திக்கொண்டிருந்தது.

குழாயைப் பற்றி ஒரு கணக்கு. மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை கேட்கும் என்பார்கள். குழாய் ஸ்பீக்கர் உருப்படியாகத் தருவது ஏறக்குறைய 300லிருந்து 5000, 6000 வரை. மிருதங்கத்தின் தொப்பி இதற்குக் கீழே போய்விடும். தம்புராவின் ஜீவாவிலிருந்து கிளம்பும் அந்த மெல்லிய இரைச்சலின் ஒரு பகுதி இதற்கு மேலே போய்விடும். நடுவில் மிஞ்சுவது குரல். எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் தட்டாக வந்தது 1963இல். அதற்குப் பிறகு இந்த ஜில்லாவில் மார்கழிக் காலை ஒன்றாவது அது இல்லாமல் விடிந்திருக்குமா என்பது சந்தேகம். அனுமந்தராயன் கோயில் தெருவில் 1916இல், வீணை வாசித்த சண்முகவடிவுக்குப் பெண்ணாகப் பிறந்தவர் அவர். சுருதியோடு பிறந்தவர் என்று சொல்வதில் மிகை இல்லை. ஆனால் அவர் பிறந்த ஊர், குழாயின் வழியாக, அவரைச் சுருதி இல்லாமல்தான் கேட்டது. பின்னால் தம்புரா இல்லை. ஆகாயத்தில் ஒற்றைக் குரல். அது பரவசமாகவும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. அப்படிக் கேட்டுப் பழகிய காது, பிறகு தம்புராவோடு கேட்கும்போது பின்னால் ஏதோ இரைச்சல் என்று நினைக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

'கணீர்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. நல்ல குரல் என்றால் கணீரென்று இருக்க வேண்டும். டி.எம். சௌந்தரராஜன் 1922இல் இந்த ஊரில் பிறந்தவர்; அந்தச் சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அவர் குரலின் வலு எங்கே இருக்கிறதோ அங்கேதான் குழாயின் வலுவும் இருந்தது. குரல் பெரிதா, குழாய் பெரிதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. மணி ஓசைக்குச் சொன்ன சொல்லை நாம் குரலுக்குச் சொன்னோம். பிறகு குழாய் அந்தச் சொல்லைத் தனக்கு எடுத்துக்கொண்டது. கடைசியில் கவிதைக்கும் அதையே கேட்டோம். 'எழுத்து' வந்துகொண்டிருந்த 1959 முதல் 1970 வரையான அதே வருஷங்களில் மேடைதோறும் கவியரங்கம் நடந்தது. அந்தக் கவிதைகளைத் திட்டுவது எளிது, நாமும் போதுமான அளவு திட்டியாகிவிட்டது. அவை மைக்குக்காக எழுதப்பட்டவை. 300லிருந்து 5000 ஹெர்ட்ஸுக்குள் கச்சிதமாக அடங்குகிறவை என்று பார்த்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது. எதுகை அங்கே அலங்காரம் அல்ல, தூரம் போவதற்கான உபாயம். அதைக் கேட்டுப் பழகிய காதிடம் பிச்சமூர்த்தியை நீட்டினால், கவிதை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கிறது. கேள்வியில் குரோதம் இல்லை. அந்தக் காதுக்கு எட்டுகிற எல்லைக்குள் அது ஆரம்பிக்கவே இல்லை.

இன்றைக்குக் கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகிறவன் கையில் கிடைப்பவை ஆங்கில அடைமொழிகள். இது வெதுவெதுப்பானது, இது பளிச்சென்றது, இது ஆராய்கிற குணம் உள்ளது, இது எந்தப் பக்கமும் சாயாதது. இந்தச் சொற்கள் பியானோவையும் வயலின் கூட்டத்தையும் ஜாஸையும் கேட்டு உருவானவை. பொய்யான சொற்கள் அல்ல. ஆனால் வெதுவெதுப்பு என்று அவர்கள் சொல்வதைத் தேடி நான் போனால் என் மிருதங்கம் ஈரம் கோத்த பறை மாதிரி ஒலிக்கும். இந்த அனுபவம் எனக்குப் புதிதல்ல. ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட புத்தகத்தில், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டதைப் பாடமாகப் படித்தேன். அதற்கு அடுத்த வருஷம் எம்ப்ஸன் மயக்கங்களை ஏழு வகையாகப் பிரித்தார். அந்தச் சொற்களோடு தமிழ்க் கவிதைக்கு வந்தபோது கவிதை கேட்டது. கூடவே அந்தச் சொற்களும் கேட்டன. பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு நெம்பு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் 78 தட்டுக்கான ஊசி, மறுபக்கம் திருப்பினால் எல்.பி.க்கான ஊசி. நம்மில் பலரும் அப்படித்தான், தேவைக்குத் தக்கபடி நெம்பைத் திருப்பிக்கொண்டு விமர்சனம் எழுதுகிறோம். ஊசி இரண்டானாலும் உள்ளே இருக்கும் உப்பு ஒன்றுதான் என்பது மறந்துபோகிறது.

ஆகவே என்னிடம் உள்ள சொற்களைக் கொண்டே சோதிப்பது என்று வைத்துக்கொண்டேன். முதலாவது, சுருதி. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா தெரிகிறதா? தனியாக முன்னால் வந்து நிற்கக் கூடாது. பின்னால் சுவர் மாதிரி நிற்க வேண்டும். இரண்டாவது, கார்வை. ஒரு ஸ்வரத்தில் குரல் நின்றுவிட்டால் அந்த நிற்றலுக்குள் ஏதாவது நடக்கிறதா, அல்லது வெறும் கோடாக நீள்கிறதா? மதுரை சோமு 1972இல் 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன் மேல் பாடிய பாட்டை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தொண்டைக்குள் நிகழும் அரைபடல், மோசமான ஊசியில் கரகரப்பாகவும் நல்ல ஊசியில் கனமாகவும் கேட்கும். நாகஸ்வரம் இதைவிடக் கடுமையான பரீட்சை. 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு 1968இல் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது இரண்டு நாகஸ்வரங்கள். அவை இரண்டாகக் கேட்க வேண்டும். சீவாளியின் ஓசை ஊசியைப் பள்ளத்திலிருந்து உதறப் பார்க்கும். உதறினால் இரண்டும் ஒன்றாகிச் சேர்ந்து கத்தும்.

மூன்றாவது, குறைப்பு. இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். எல்.பி. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே காலே வீசம் சுற்று என்று ஒரு பெரியவர் சொல்வார். மூன்றில் ஒன்று வீசக் கணக்கில் அடங்காது என்று நான் சொல்வதுண்டு. எப்படியும் சுற்று மாறுவதில்லை, ஆனால் வட்டம் சிறுத்துக்கொண்டே போகிறது. வெளி ஓரத்தில், மையத்திலிருந்து 14.6 செ.மீ. தூரத்தில், ஊசியின் கீழ் வினாடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள் ஓரத்தில், 6 செ.மீ. தூரத்தில், 21 செ.மீ.தான். அதாவது அதே ஓசை பாதிக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. பருத்த ஊசியால் அந்த நெருக்கத்துக்குள் இறங்க முடியாது. சினிமாப் பாட்டுக்கு இது பெரிய விஷயமல்ல. கர்நாடக சங்கீதத் தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படியாக இருந்தால், ஆலாபனை அகலமான இடத்தில் ஆரம்பித்து, ஸ்வரம் குறைந்து குறைந்து இறுகி உச்சத்துக்கு வருவது ஊசி மிகவும் திணறுகிற இந்த உள்வட்டத்தில். சங்கீதத்தின் வடிவமும் தட்டின் வடிவமும் நேர் எதிராகப் போகின்றன. வட்டமான முனை உள்ள ஊசி அங்கே மழுங்கும். நீள்வட்ட முனை தேவலை. நுண்கோட்டு முனை, அதாவது பள்ளத்தின் சுவரை மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோட்டில் தொடுகிற முனை, கடைசி ஆவர்த்தனம் வரை பிரித்துச் சொல்லும்.

ரசனைக்குச் சம்பந்தமில்லாத சில விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். அவற்றை விட்டுவிட்டு ரசனையைப் பேசுவது வெற்று அழகியல். கார்ட்ரிட்ஜும் டோன் ஆர்மும் ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள். கனமான ஆர்மில் மிக மென்மையான தண்டு உள்ள கார்ட்ரிட்ஜை மாட்டினால், தட்டின் நெளிவிலேயே வண்டி ஆடும். இரண்டும் சேர்ந்து ஆடும் அதிர்வு 8லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே நெளிவு, மேலே சங்கீதம். மோனோ தட்டில் ஓசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் இருப்பது தூசியும் தேய்மானமும்தான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரண்டு சேனலையும் ஒன்றாக இணைத்தாலே அதில் கணிசமான பகுதி அடங்கிவிடும். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில் ஊசி, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, எல்.பி. ஊசி சுமார் முக்கால் மில். எல்.பி. ஊசியை 78இல் இறக்கினால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். 'எந்தப் பக்கமும் சாயாதது' என்ற பெருமைக்கு உதாரணமாக டெனான் 103ஐச் சொல்வார்கள். 1960களில் ஜப்பானிய வானொலிக்காகச் செய்யப்பட்ட அசையும் சுருள் வகை, இன்னும் வருகிறது. அதன் முனை சாதாரண வட்ட முனைதான். வானொலிக்கு வேண்டியிருந்தது நாள் முழுக்கப் பழுதில்லாமல் உழைப்பது. அங்கேயும் நடுநிலை என்பது ஒரு உத்தியோகத்தின் தேவையாகத்தான் இருந்திருக்கிறது.

என்னிடம் உள்ள தட்டுகளில் பெரும்பகுதி என் பெரியப்பாவுடையவை. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அவர் ரேடியோ செட் வைத்திருந்தார். இரண்டு தகரப் பெட்டிகள். அவர் கணக்கு வழக்கில் கறாரானவர். ஒவ்வொரு தட்டின் லேபிளிலும் அது எத்தனை தடவை ஓடியது என்பதை நீல மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. நாங்கள் கவுண்டரில் கட்டுகளை எண்ணிவைப்பது போல. சில தட்டுகளில் லேபிளில் இடம் தீர்ந்து உறைக்குக் கோடுகள் போயிருக்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் ஐந்தாறு கிராம் பாரத்தில் ஒரு ஊசி அந்தப் பள்ளத்தை உழுதிருக்கிறது. ஜனங்கள் விரும்பிக் கேட்ட பாட்டு எதுவோ அதுவே அதிகம் தேய்ந்திருக்கிறது; யாரும் கேட்காத பாட்டு புத்தம்புதிதாக இருக்கிறது. ஊசி இறங்கும் இடங்கள் சாம்பல் பூத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இங்கேதான் தேர்வு சங்கடமாகிறது. பெரியப்பாவின் வட்ட முனை ஊசி பள்ளத்துச் சுவரின் மேல்பாதியில் உரசி, அந்த இடத்தைத் தின்றிருக்கிறது. இன்னொரு வட்ட முனையை நான் வாங்கினால் அது அதே தேய்ந்த தடத்தில் போய் உட்காரும்; தேய்மானத்தைத்தான் முதலில் வாசிக்கும். நுண்கோட்டு முனை சுவரில் கீழேயும் இறங்கித் தொடுவதால், தேயாமல் மிஞ்சிய பகுதி இருந்தால் அதை வாசிக்கும். எல்லாத் தட்டிலும் இது பலிக்காது. பலிக்கிற தட்டில் அறுபது வருஷத்துத் தட்டு போன மாதம் வந்தது போல இருக்கும். ஆக, ஒரே தட்டில் இரண்டு பிரதிகள். மேலே, ஊர் கேட்ட பிரதி. கீழே, பாடினவர் பாடிய பிரதி. எதை வாசிப்பது?

கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் நுண்கோட்டு ஊசியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தார். பெரியப்பாவுக்கு உதவியாளாக இருந்தவரை அன்று வீட்டுக்கு வரச்சொன்னேன். எழுபதைத் தாண்டியவர், மரமேறிக் குழாய் கட்டியவர். டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டுத் தட்டு ஒன்றை வைத்தேன். உறை முழுக்கக் கோடுகள் உள்ள தட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, இது நம்ம ரிக்கார்டா?"

"ஆமாண்ணே. லேபிளைப் பாருங்க, பெரியப்பா கோடு போட்டிருக்காரு."

"கோடு இருக்கு. அந்தக் கரகரப்பு எங்க போச்சு? ரெண்டாவது அடி ஆரம்பிக்கறப்ப ஒண்ணு வரும்ல?"

ஊசியை மாற்றி, வட்ட முனையை வைத்துப் போட்டேன். இரண்டாவது அடியில் அது வந்தது. தலையாட்டினார். மறுபடியும் நுண்கோட்டு ஊசி. கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. சுத்தமா இருக்கு. ஆனா கூட்டம் இல்ல."

நான் படித்த எந்தக் கார்ட்ரிட்ஜ் மதிப்புரையிலும் இதைவிடத் துல்லியமான வாக்கியம் இல்லை. அவர் கேட்பது பாட்டை மட்டும் அல்ல. பாட்டின் மேல் படிந்த ஊரை, பந்தியை, தூசியை, அந்த ராத்திரிகளை. அதெல்லாம் நிஜமாகவே அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. பாவனை அல்ல, ஸ்தூலமாக இருக்கிறது. அதை அழுக்கு என்று துடைத்துவிட எனக்கு உரிமை உண்டா என்று சில வாரங்கள் யோசித்தேன். என் ரசனையைக் கேட்டால் அதுவும் அவர் பக்கம்தான் நிற்கிறது. எனக்கும் அந்தக் கரகரப்பு வேண்டியிருக்கிறது. இரண்டாவது அடி வரும் முன்பே காது அதற்குக் காத்திருக்கிறது. ஆனால் அதில் பெரியப்பாவும் ஊரும் கேட்கிற அளவுக்குப் பாடினவர் கேட்கவில்லை. பாடினவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஒரு கவிதையை அதன் புகழோடும், அதைப் பாடம் சொன்ன வாத்தியார்களின் குரல்களோடும் சேர்த்து வாசிப்பதில் சுகம் இருக்கிறது. ஆயினும் ஒரு தடவையாவது அந்தத் தடத்துக்குக் கீழே இறங்கி வாசிக்காதவனை நான் விமர்சகன் என்று சொல்ல மாட்டேன்.

2018-19 வாக்கில் ஆடியோ-டெக்னிகா கொண்டுவந்த வி.எம். 95 வரிசையில் உடம்பு ஒன்றுதான். ஊசியை மட்டும் கையால் இழுத்து மாற்றலாம். வட்டம், நீள்வட்டம், நுண்கோடு, 78க்கான 3 மில் என்று வெவ்வேறு முனைகள். குமாஸ்தாவின் சம்பளத்துக்கு இந்த ஏற்பாடு சௌகரியமானது. இருந்தாலும் முதலில் வாங்குவது ஒன்றுதான் என்பதால் தேர்வு தேர்வாகவே இருந்தது. நுண்கோட்டு முனையை வாங்கினேன். என் ரசனைக்கு ஏற்றது என்று அதைச் சொல்ல முடியாது. பழக்கம் கேட்காமல் விட்டதைக் கேட்க வைக்கிறது, அவ்வளவுதான். சுப்ரபாதத்தில் எம்.எஸ். மூச்சு வாங்கும் இடங்களில் இப்போது தம்புரா நிற்கிறது. குழாயில் அதற்கு இடம் இருந்ததில்லை. அது கூட்டத்துக்கான ஓசை அல்ல.

பெரியவர் அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தார். வரும்போதெல்லாம் டி.எம்.எஸ். தட்டையே கேட்கிறார். மறுக்காமல் போடுகிறேன், முடிந்ததும் லேபிளில் நீல மையில் கோடு போடச் சொல்கிறார், போடுகிறேன். வட்ட முனை ஒன்றை அவருக்காக வாங்கிவைக்க வேண்டும். கிட்டப்பாவும் ராஜரத்தினம் பிள்ளையும் 78 தட்டுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய 3 மில் ஊசிக்கு அடுத்த டி.ஏ. உயர்வு வர வேண்டும். அதுவரை இரண்டாவது தகரப் பெட்டி மூடியே இருக்கும்.